நாற்காலி கேட்ட ஏலம்

கடல் எடுத்துக்கொண்ட மனிதனுக்குச் சீட்டுப் போடக் கூடாது என்று வெள்ளைத்துறையில் யாரும் எந்தக் காலத்திலும் சொல்லி வைக்கவில்லை. சொல்லி வைத்திருந்தால் தங்கபழம் அண்ணாச்சி கைப்பழக்கத்தில் நான்கு பங்காகப் போட்ட சீட்டில் ஒரு பங்கு அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் போய் விழுந்திருக்காது, அந்த நாற்காலியும் மாசி மாதத்து வெயிலில், உப்பளத்து வெளிச்சம் ஜன்னல் வழியே கண்ணைக் குத்திக்கொண்டிருந்த சாயங்காலத்தில், தொண்டையைச் செருமிக்கொண்டு "ஒன் நோ டிரம்ப்" என்று சொல்லியிருக்காது.

குரல் லாசர் மொத்தாவின் குரல். அதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஏனென்றால் ஊரில் வேறு எவனுக்கும் அப்படி ஒரு செருமல் கிடையாது. லாசர் துறைமுகத்தில் பைலட்டாக இருந்தவர். வெளிக்கடலில் வந்து நிற்கிற கப்பலில் ஏறி, மணல்திட்டில் தட்டாமல் அதை உள்ளே கூட்டிவருவது அவர் வேலை. ஐப்பசியில் புயல் கூண்டு ஏற்றியிருந்த ஒரு நாள், மனைவி செலஸ்தீனா வாசலில் நின்று போக வேண்டாம், போக வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் போனார். படகு திரும்பியது, படகோட்டி திரும்பினான், லாசர் திரும்பவில்லை. தெற்கே எட்டுக் கரையிலும் தேடினார்கள். உடம்பு கிடைக்காததால் கோயிலில் துக்க மணி அடிக்கவில்லை, குழி வெட்டவில்லை, செலஸ்தீனா கறுப்புச் சேலை உடுத்துவதா பழைய பூப்போட்ட சேலையையே உடுத்துவதா என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் சாம்பல் நிறத்தில் ஒரு சேலை எடுத்து அதையே துவைத்துத் துவைத்து உடுத்திக்கொண்டிருந்தாள்.

நான்கு மாதம் வீட்டுக்குள் கிடந்தவளைத் தங்கபழம் அண்ணாச்சியும் பஞ்சாபகேசனும்தான் போய்க் கூப்பிட்டு வந்தார்கள். அண்ணாச்சிக்கு ஊருக்கு வடக்கே உப்பளம். பஞ்சாபகேசன் சுங்க இலாகாவில் இருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட மனிதர், ஆட்டத்தின் சட்டதிட்டம் அத்தனையும் தலைகீழாகச் சொல்வார். துறைமுக மனமகிழ் மன்றத்தின் பிரிட்ஜ் மேஜையில் இந்த இருவரும் ஒரு கட்சி, செலஸ்தீனாவும் லாசரும் ஒரு கட்சி. அன்றைக்கு வேறு ஒருவரை எதிரே உட்காரவைக்க அவள் சம்மதிக்கவில்லை; சும்மா சீட்டைத் தொட்டுவிட்டுப் போகிறேன் என்றுதான் வந்தாள். நாற்காலி ஏலம் கேட்டது. பிரம்பு இருக்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த அண்ணாச்சி, "கடத்தண்ணிதான்" என்றார்.

மற்ற ஊராக இருந்தால் ஓடியிருப்பார்கள். எங்கள் ஊரில் செயற்குழுவைக் கூட்டினார்கள். ஆள் இல்லாத நாற்காலி ஏலம் கேட்டது செல்லுமா என்பதுதான் அன்றைய விவாதம். எப்படிக் கேட்டது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பஞ்சாபகேசன் எழுந்து, "ஓய், லாசர் இன்னும் மெம்பர்தான், யாரும் அவர் பேரை எடுக்கலை. மெம்பர் வாயால கேட்டா ஏலம் செல்லும். உடம்போட வந்துதான் கேக்கணும்னு ரூல்ல எங்கேயும் இல்லை" என்றார். சரி என்று தீர்மானம் போட்டு, தரை வீணாகாமல் இருக்க நாற்காலிக்கு அடியில் வைக்க ஒரு எனாமல் பேசினும் வாங்கினார்கள்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பின்னால் என்னைத் திட்டுவீர்கள். பிரிட்ஜில் எதிரெதிரே உட்காருகிற இருவர் ஒரு கட்சி. சீட்டை இறக்குமுன் ஏலம் நடக்கும். எத்தனை பிடி பிடிப்போம், எந்த இனம் துருப்பு என்று வாயால் கேட்க வேண்டும், கையைக் காட்டக் கூடாது. ஒரு சுற்றை ஜெயிப்பது ஒரு பிடி, ஆறுக்கு மேல்தான் கணக்கு; ரெண்டு என்று கேட்டால் எட்டுப் பிடி பிடிக்க வேண்டும். துருப்பே வேண்டாம், என் கையில் நாலு இனமும் சமமாக இருக்கிறது, ராஜா ராணிக்கும் பஞ்சமில்லை என்று சொல்வதுதான் ஒன் நோ டிரம்ப். அதைச் சொன்னவர் தன் கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்; எங்கே போய் நிற்பது என்பதை இனி எதிரே இருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். கை நன்றாக இருந்தால் மூணு நோ டிரம்ப் என்று ஏற்றலாம், அது பெரிய ஆட்டம். சுமாரென்றால் ரெண்டு, ஒன்றுமில்லை என்றால் பாஸ். இவற்றில் எதைச் சொன்னாலும் ஆடப்போகிறவர் முதலில் சொன்னவர்தான்; எதிரே இருப்பவர் தன் சீட்டை மேஜைமேல் மல்லாத்திப் பரப்பிவிட்டு, ஆடுகிறவர் சொல்கிற சீட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, வாயை மூடி உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு டம்மி என்று பெயர்.

இன்னொரு பதிலும் உண்டு. கையில் பெரிய சீட்டு எதுவுமில்லை, ஆனால் ஒரே இனத்தில் ஐந்தாறு பொடிச் சீட்டு நீளமாகக் கிடக்கிறது என்றால், அந்த இனத்தின் பேரைச் சொல்லி ரெண்டு என்று கேட்கலாம். ரெண்டு ஆர்ட்டின் என்றால், உங்கள் கை பெரிய கைதான், என் கை ஏழைக் கை, இந்த ஆர்ட்டினைத் தவிர இதில் வேறு நாதியில்லை, ஆகவே நீங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நான் ஆடிக்கொள்கிறேன் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் முதலில் சொன்னவர் பாஸ் சொல்லியே ஆக வேண்டும், அவர்தான் அப்போது டம்மி. வெளியூர்க் கிளப்புகளில் இதையெல்லாம் மாற்றி வேறு என்னென்னவோ வைத்திருக்கிறார்களாம். எங்களிடம் பழைய முறைதான்.

லாசர் மொத்தா அந்தப் பாஸை ஆயுளில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் செலஸ்தீனா ரெண்டு ஆர்ட்டின் என்பாள், ரெண்டு இஸ்பேடு என்பாள்; அவர் சிரித்துக்கொண்டே மூணு நோ டிரம்ப் என்று ஏறிவிடுவார். ஆடுவதில் சூரர் என்பதால் பாதிக்குமேல் ஜெயித்தும் விடுவார், சுற்றி நின்றவர்கள் கைதட்டுவார்கள், நீ பயந்தாங்கொள்ளி என்று அவள் தலையில் செல்லமாகத் தட்டுவார். தோற்ற நாட்களில் அவள் சரியாகச் சொல்லவில்லை என்பார். போகப்போக அவள் அந்தப் பதிலைச் சொல்வதையே விட்டுவிட்டாள். வீட்டிலும் அப்படித்தான் நடந்தது என்று சொல்லத் தேவையில்லை, அடுப்படியில் ஒன்றும் ஆட்டத்தில் ஒன்றுமாக யாரும் குடித்தனம் நடத்துவதில்லை.

இப்படியாக நாற்காலி தினமும் சாயங்காலம் ஒரே ஒரு ஏலம் கேட்டது, எப்போதும் அதே ஒன் நோ டிரம்ப். வேறு வார்த்தை அதன் வாயில் வரவில்லை. அதன் முறை வரும்போது சீட்டு மேஜைமேல் விழுந்திருக்கும், விழுவதை யாரும் பார்த்ததில்லை, விழுந்த சீட்டு நனைந்திருக்கும். எதிரே செலஸ்தீனா தன் கையைப் பரப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். எந்தச் சீட்டைப் போடு என்று நாற்காலி சொல்லாது, ஆனால் அவள் வலது கை தானாக எழுந்து, தானாகப் போய், அவள் நினைக்காத ஒரு சீட்டை எடுத்துப் போடும். முதல் நாள் அவள் அதைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாள். இன்னும் இருக்கிறார் என்ற சந்தோஷம் அவளுக்கு இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

நாற்காலி மூணு நோ டிரம்ப் ஆடி ஜெயித்த அன்று மேற்கே திரண்டிருந்த மேகம் விலகிப்போனது, அண்ணாச்சியின் பாத்தியில் உப்பு தப்பித்தது. மறுநாள் ஜெயித்தபோது படகுகள் சீலா மீனாகக் கொண்டுவந்தன. ஒரு நாள் செலஸ்தீனாவின் கை சரியில்லாமல் அவள் நியாயமாகப் பாஸ் சொல்ல, அன்று பொழுது சாய்கையில் காலமில்லாத காலத்தில் மழை கொட்டிப் பத்துப் பாத்தி உப்பு கரைந்து ஓடியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. அதற்கப்புறம் மீன் விற்கிற பெண்களுக்குக்கூட ஏலம் தெரிந்துவிட்டது, கூடையை இறக்கி வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்று, "மைனி எத்தன கேட்டாவ?" என்று செலஸ்தீனாவின் ஏலத்தை விசாரித்தார்கள். பேசினில் சேர்ந்த தண்ணீரைப் படகு முனையில் தெளித்தார்கள். மன்றத்து வாசலில் வடைக்கடை வந்தது, மக்ரூன் விற்கிறவன் வந்தான், மெழுகுவர்த்தி விற்கிறவள் வந்தாள், சீக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியூர் பஸ்ஸில் ஆட்கள் வந்தார்கள். செலஸ்தீனா தெருவில் வந்தால் வழிவிட்டார்கள், ஆனால் அவளிடம் பேசவில்லை. நாளைக்கு மூணு சொல்லிருங்க என்பதைத் தவிர அவளிடம் கேட்க யாருக்கும் எதுவும் இருக்கவில்லை.

அண்ணாச்சி நல்லவர்தான், ஆனால் உப்பு அவர் உயிர். சீட்டைக் கலைக்கிற சாக்கில் ஆஸையும் ராஜாவையும் பொறுக்கி அவள் பக்கம் தள்ள ஆரம்பித்தார். பஞ்சாபகேசன் அதைப் பார்க்காமல் இருக்கத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டம் தெரிந்த மனிதருக்கு எங்கே கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்பதும் தெரியும். இப்படியே கோடை முழுக்க அவளுக்கு நல்ல கையாகவே வந்தது, அவளும் மூணு நோ டிரம்ப் என்றாள், பரப்பினாள், உட்கார்ந்திருந்தாள்.

ஆடி மாதத்தில் ஒரு காலை செலஸ்தீனா காப்பி ஆற்றிக்கொண்டிருக்கும்போது அவள் வலது கை இரண்டாவது தம்ளரை எடுத்து வைத்தது. அவள் அதை எடுத்து உள்ளே வைத்தாள், கை மறுபடியும் எடுத்து வெளியே வைத்தது. பிறகு கை லாசருக்குப் பிடித்த கருவாட்டை வறுத்தது, அவர் சட்டையைத் தேய்த்து மடித்தது, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க அவள் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிய அன்று தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்தக் கை எப்போதும் சில்லென்று ஈரமாக இருந்தது, நகத்திடுக்கில் உப்புப் பூத்தது. ராத்திரி தூங்கும்போது இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. கை போனது போகத் தன்னில் தனக்கென்று இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

பங்குச் சாமியாரிடம் போய் அழுதாள். "சாமி, அவுகளுக்கு ஒரு பூசை வச்சு மணி அடிச்சு அனுப்பி விட்ருங்க. அவுகளும் நனைஞ்சுக்கிட்டே இருக்காவ, என்னையும் விட மாட்டேங்காவ."

சாமியார் வெகுநேரம் ஜெபமாலையை உருட்டினார். "தெனமும் பேசுத மனுஷனுக்கு நான் எப்படிம்மா இறந்தவன் பூசை வைக்க? உடம்பு வரட்டும், நானே மணி அடிக்கேன்." திருவிழாவுக்கு இந்த வருஷம் கூட்டம் அலைமோதும் என்பது அவர் மனதிலும் இருந்தது. மனுஷர்தானே.

அன்று சாயங்காலம் செலஸ்தீனா மன்றத்துக்கு வந்து உட்கார்ந்ததும், அண்ணாச்சி கையிலிருந்த சீட்டுக்கட்டை இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் போடுதேன்."

"ஒங்களுக்கு எதுக்கு மைனி சிரமம்..."

"போடுதது என் முறைதான் அண்ணாச்சி. எத்தனையோ நாளா என் முறையையும் நீங்களே போட்டுட்டீய."

பஞ்சாபகேசன் தலைகுனிந்து, "அவா முறைதான்" என்றார். வானம் மேற்கே கறுத்திருந்தது. அண்ணாச்சியின் பாத்தி அத்தனையிலும் இன்னும் வாரி அள்ளாத உப்பு வெள்ளை வெளேரென்று கிடந்தது, ஜன்னலில் ஊரே நின்றது. அவள் ஒற்றைக் கையால் தட்டுத்தடுமாறிக் கலைத்தாள், போட்டாள், எடுத்து விரித்துப் பார்த்தாள். ஆர்ட்டினில் ஜாக்கி தலையாக ஆறு சீட்டு, மற்றதெல்லாம் இரண்டும் மூன்றும் நான்குமாகக் குப்பை. பின்னால் எட்டிப் பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

சீட்டுப் போட்டவள் என்பதால் முதல் வாய் அவளுடையது. பாஸ் என்றாள். இடப்பக்கம் இருந்த பஞ்சாபகேசன் பாஸ் என்றார். நாற்காலி செருமியது.

"ஒன் நோ டிரம்ப்."

அண்ணாச்சி அவசரமாகப் பாஸ் சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். ஜன்னலில் ஒருத்தி, "மூணு சொல்லுங்க மைனி, அவுக எப்படியும் இழுத்துருவாவ" என்றாள். இன்னொருவர் கும்பிட்டார். செலஸ்தீனாவின் வலது கை மேஜைமேல் ஏறி, அவள் சீட்டைப் பிடுங்கி மல்லாத்தப் பார்த்தது. அவள் சீட்டை இடது கையால் மார்போடு அழுத்திக்கொண்டு நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டு ஆர்ட்டின்."

பஞ்சாபகேசன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாஸ் என்றார். இப்போது நாற்காலி சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஏலத்தைத் தவிர வேறு எதையும் சொல்லாத நாற்காலி, உயிரோடு இருந்த காலத்தில் இந்த இடத்தில் ஒரு தடவைகூட நிற்காத மனிதரின் நாற்காலி. பேசினில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது, பிறகு சொட்டு வேகமாயிற்று, பேசின் நிரம்பித் தரையில் ஓடி எங்கள் கால்களையெல்லாம் நனைத்தது, அறை முழுக்கச் சேற்றுக்கடலின் வாடை எழுந்தது. அவள் கெஞ்சவில்லை. "சொல்லிட்டேன். எனக்கு இதுதான் இருக்கு. நீங்க நிறுத்தணும்" என்று மட்டும் சொன்னாள்.

நாற்காலி செருமவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மெதுவாக, "பாஸ்" என்றது.

ஆனால் ஏலம் இன்னும் முடியவில்லை, கடைசி வாய் அண்ணாச்சியுடையது. அவர் பாஸ் சொன்னால்தான் முடியும். ரெண்டு இஸ்பேடு என்றோ மூணு கிளாவர் என்றோ ஒரு வார்த்தை வீம்புக்கு விட்டால் ஏலம் திரும்ப ஒரு சுற்று வரும், நாற்காலிக்கு மறுபடியும் வாய் கிடைக்கும். அது அவருக்கும் தெரியும், ஜன்னலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், பின்னே கோடை முழுக்க இதைத்தானே படித்தோம். "அண்ணாச்சி, கேளுங்க" என்று ஒருவன் கிசுகிசுத்தான், வெட்கத்தை விட்டுச் சொன்னால் நாங்கள் எல்லாரும்தான் கிசுகிசுத்தோம். அண்ணாச்சி மேற்கே மேகத்தைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் கிடந்த அவள் வலது கையைப் பார்த்தார். சீட்டைப் பிடுங்க முடியாமல் அது கரையில் போட்ட மீனாகத் துடித்துக்கொண்டிருந்தது, நகமெல்லாம் உப்பு. உப்பைத் தெரிந்த மனிதர் அவர். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மன்னிச்சிருங்க மைனி," என்றார். "பாஸ்."

பஞ்சாபகேசன் ஒரு சீட்டை இறக்கினார். நாற்காலிக்கு முன்னால் பதின்மூன்று சீட்டும் மல்லாந்து வரிசையாகக் கிடந்தன, ஒன்றில்கூட ஈரமில்லை. ஆர்ட்டினில் ஆஸும் ராஜாவும் இருந்தன. "நல்ல கைதான் வச்சிருந்திருக்கீய" என்று செலஸ்தீனா சொன்னாள், குரலில் கோபமில்லை. வலது கையை மெல்ல விரித்துப் பார்த்தாள், அது அவள் சொன்னதைக் கேட்டது. அவள் அந்த ஆட்டத்தைத் தானே ஆடினாள், இரண்டு கையையும் தானே பார்த்து, அவசரப்படாமல், துருப்பை இழுத்து, நாங்கள் யாரும் அதற்குமுன் பார்த்திராத ஓர் ஆட்டம். எட்டுப் பிடி வேண்டும், எட்டும் வந்தது. கடைசிச் சீட்டு விழுந்ததும் மழை விழுந்தது.

ராத்திரி முழுக்கப் பெய்தது. உப்பு மொத்தமும் கரைந்தது, கடல் ஏறி, பாத்திக்குத் தண்ணீர் பாய்கிற வாய்க்காலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. விடிந்ததும் அண்ணாச்சியின் ஆட்கள் உடைப்பை அடைக்க மண்வெட்டியோடு போனார்கள், போனவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். லாசர் மொத்தா வாய்க்கால் சேற்றில் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார், ஐப்பசியில் போட்டுப்போன அதே சட்டை, பத்து மாதம் தண்ணீரில் கிடந்த அடையாளமே இல்லாமல், அசந்து தூங்குகிறவராக.

அண்ணாச்சியே ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டுவந்து அவள் வீட்டு முற்றத்தில் கிடத்தினார். சாமியார் ஓட்டமாக வந்தார், மணி அடிக்க ஆள் போனது. செலஸ்தீனா குனிந்து அவர் தலைமயிரில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துவிட்டு, முகத்தைப் பார்த்தாள்.

"போகாதீயன்னு சொன்னப்பவே நின்னுருக்கலாம்லா," என்றாள்.

அதற்கப்புறம் அழுதாள். பத்து மாதத்து அழுகை, வாசல் தாண்டி, கடற்கரை தாண்டி, உப்புக் கரைந்து வெறும் தண்ணீராகக் கிடந்த பாத்திகள் வரைக்கும் கேட்டது. அப்படி ஒரு குரல் அவளுக்கு இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.